மாதம் ஒரு நாள் மண்ணில் ஓட்டுபவருக்கு எந்த டர்ட் பைக்? ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு வயது 36. சாலையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பைக் ஓட்டியவர், மண்ணில் ஓட்டியதே இல்லை. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, கால் உள்ளளவு (தொடையிடுக்கிலிருந்து பாதம் வரை) 77 செ.மீ. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் போக மாதத்தில் ஒரு நாள் காட்டுப் பாதைக்குப் போக முடியும். சில மாதங்களில் அதுவும் இருக்காது. என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்பார். பெயர் இங்கே வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

தம்பி என்னிடம் வரும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டார். பழைய 450 சிசி மோட்டோகிராஸ் பைக் ஒன்று சல்லிசாக வந்திருக்கிறது, பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது, கூடப் போகும் நண்பர்கள் எல்லோரும் 450 அல்லது 300 ஓட்டுகிறார்கள். "அண்ணே, வாங்கிடட்டுமா?" என்று அவர் கேட்ட தொனியிலேயே 'சரி' என்ற பதிலை மட்டும்தான் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. முதல் டர்ட் பைக் தேடுகிற பலரும் வந்து நிற்கிற இடம் இதுதான் என்பதால், அங்கிருந்து அவர் வேறு ஒரு பைக்குக்குப் போய்ச் சேர்ந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

அவருடைய நிலைமை

பைக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓட்டப்போகும் பாதையைப் பற்றிப் பேசினோம். மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை, உருளும் கற்கள், வேர்கள், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஓடைகள், நடுநடுவே கொஞ்சம் திறந்த வெளி. பெரும்பகுதி முதல் இரண்டு கியரில்தான் ஓடும். மணிக்கு 40 கி.மீ. தொடுவதே அபூர்வம்.

பாதை தொடங்கும் இடம் வரை பைக்கை ஏற்றிப் போக நண்பர் ஒருவரிடம் டிரெய்லர் இருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பட்டியலில் பாதியை அடித்துவிடுவது இதுதான். ஏற்றிப் போக வழி இல்லாதவருக்கு நம்பர் பிளேட், விளக்கு, இண்டிகேட்டர் உள்ள டூயல் ஸ்போர்ட் பைக்கைத் தவிர வேறு வழியில்லை. பாதைகளுக்கு நடுவே பொதுச் சாலை குறுக்கிட்டாலும் அதே கதைதான். தம்பிக்கு இரண்டு பிரச்சினையும் இல்லை.

வீட்டில் சாதாரண ஸ்பேனர் செட் உண்டு. ஆயில் மாற்றுவார், செயின் இறுக்குவார். வால்வ் இடைவெளியை அளந்து, அதைச் சரிசெய்யும் சின்னத் தகடான ஷிம்மை மாற்றும் அளவுக்குப் பழக்கமில்லை, நேரமும் இல்லை. பணத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: மொத்தத் தொகையில் கால் பங்கை முதலிலேயே எடுத்து, ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் இவற்றுக்கு ஒதுக்கிவிட வேண்டும். மீதியில்தான் பைக். முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார்.

அந்த 450 ஏன் மலிவு

மோட்டோகிராஸ் பைக் பந்தயத்துக்குச் செய்தது. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்து, மறுபடி பூட்டிக் கொண்டுபோகும் ஆட்களை மனதில் வைத்துச் செய்தது. இன்றைய 450-இல் எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 13-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஐம்பது குதிரைத்திறனுக்கு மேல் தரும். இப்படிப் பிழியப்படும் எஞ்சினின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை, ஓடிய மணி நேரத்தில் கணக்கிடுகிறார்கள். ஆயில் சில மணி நேரங்களுக்கு ஒருமுறை. பிஸ்டனுக்கும் வால்வுக்கும்கூட மணிக் கணக்கு உண்டு. முன்பு வைத்திருந்தவர் அந்தக் கணக்கை எழுதி வைக்கவில்லை என்றால், அடுத்த பெரிய செலவு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய மோட்டோகிராஸ் பைக் ஒன்று ஆச்சரியமான விலைக்கு வருகிறது என்றால், எஞ்சினைத் திறக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதா என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும்.

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எடை 110 கிலோதான் போட்டிருக்கு. நீங்க சொல்ற சின்ன பைக் எல்லாம் அதைவிடக் கனமா இருக்கே?" உண்மைதான். ஹோண்டா சிஆர்எஃப்250எஃப் ஓடும் நிலையில் 120 கிலோ. அதைவிட 450 இலகு. அலுமினியச் சட்டமும் விலை உயர்ந்த பாகங்களும் அதற்குக் காரணம். ஆனால் புதியவரைச் சோர வைப்பது எடை அட்டையில் உள்ள எண் இல்லை. சீட் எவ்வளவு உயரம், ஆக்சிலேட்டரை ஒரு விரல் அளவு திருகினால் பின்சக்கரம் என்ன செய்கிறது, முதல் கியரில் எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது, இந்த மூன்றும்தான்.

450-இன் முதல் கியர் பந்தயத் தொடக்கத்துக்காக அமைந்தது. நடக்கும் வேகத்தில் போக வேண்டுமென்றால் கிளட்ச்சை அரைப்பிடியில் வைத்தே ஓட்ட வேண்டும். கிளட்ச் சூடாகும், கை ஓயும். ரேடியேட்டருக்கு மின்விசிறி பெரும்பாலும் இருக்காது. காற்று மோதினால்தான் குளிரும், மெதுவாக ஏறும் இடத்தில் கூலண்ட் கொதித்து வழியும். பின்சக்கரம் 19 அங்குலம். காட்டுப் பாதைக்கென்று செய்த டிரெயில் பைக்கில் 18. ஓர் அங்குலம் சின்ன வட்டம் என்றால் டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் உயரம், கல்லில் இடிக்கும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராவது குறையும்.

இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அதனால் ஓட்டியே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரே மேடு, இரண்டு பைக்

நண்பர் ஒருவருடைய 450-ஐ இரவல் வாங்கினோம். இன்னொருவர் வீட்டில் யமஹா டிடி-ஆர்230 சும்மா நின்றது, அதையும். டிடி-ஆர்230 என்பது 223 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின், கார்புரேட்டர், செல்ஃப் ஸ்டார்ட், ஆறு கியர், 114 கிலோ. தொழில்நுட்பமாகச் சொல்ல அதில் புதிதாக எதுவும் இல்லை.

முதலில் திறந்த வெளி. 450-இல் ஒரு சுற்றுப் போய் வந்தவரின் முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. "அண்ணே, இது வேற!" அப்புறம் 230. "நல்லாத்தான் இருக்கு" என்றார், விருந்தில் பத்தியச் சாப்பாடு வைத்தது போன்ற குரலில். பல பேர் பைக் வாங்குவது இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். விற்பவர் காட்டும் இடம் எப்போதும் சமதளமாகத்தான் இருக்கிறது.

அடுத்து ஒரு மேடு. பெரிய மேடு ஒன்றுமில்லை, கால்பந்து மைதானத்தின் பாதி நீளம் இருக்கும். உருளும் கற்கள், நடுவில் குறுக்கே ஒரு வேர், வேரைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு திருப்பம். பாதி ஏறியதும் வேண்டுமென்றே நிற்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். காட்டுப் பாதையில் முன்னால் போகிறவர் விழுந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு நேர்வது இதுதான்.

450-இல் நின்றார். நின்றதும் முதல் சிக்கல்: சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் கால் தரையைத் தொடவில்லை. உடலை ஒரு பக்கம் சாய்த்துப் பெருவிரலில் நின்றார். கிளட்ச்சை விட்டார், எஞ்சின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து, இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக ஆக்சிலேட்டர். பின்சக்கரம் கல்லில் வழுக்கிச் சுற்றியது, சட்டென்று பிடி கிடைத்ததும் பைக் முன்னால் துள்ளியது. துள்ளியதில் உடல் பின்னால் போனது. உடல் பின்னால் போனால் பிடித்திருக்கும் கை தானாகவே ஆக்சிலேட்டரை இன்னும் திருகும். புதியவர்கள் விழுவதில் பாதி இப்படித்தான். முன்சக்கரம் எழும்பியது, அவர் பக்கவாட்டில் குதித்துத் தப்பினார், பைக் படுத்தது. காயமில்லை. ஆனால் சரிவில் கிடந்த பைக்கைத் தூக்கி நிறுத்தி, திருப்பி, கீழே இறக்கி வந்தபோது முன்கைகள் கல்லாக இறுகியிருந்தன. லீவரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்து, 230-இல் ஏறினார். நடுவில் நின்றார். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில். கிளட்ச்சை விட்டார். எஞ்சின் கொஞ்சம் திணறி, டுக் டுக் என்று இழுத்துக்கொண்டு கிளம்பியது. குறைந்த சுற்றிலும் அணையாமல் இழுக்கும் வகையில் சாந்தமாக டியூன் செய்த எஞ்சின் அது, சக்கரமும் சுற்றவில்லை. வேரின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. திருப்பத்தில் எழுந்து நின்று ஓட்டினார். 450-இல் அவர் கண் முன்சக்கரத்தின் அடியிலேயே இருந்தது, இதில் திருப்பத்தைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு போனார். மேலே போய் நின்றவர் கேட்டது: "இன்னொரு வாட்டி போகட்டுமா?"

450-ஐப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியலில் இருந்த மற்றவை

300 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எண்டியூரோவை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கேடிஎம், பீட்டா போன்றவர்கள் செய்யும் இந்த வகை, கடினமான காட்டுப் பாதைக்கு உண்மையிலேயே நல்ல வண்டி. எடை நூறு கிலோவை ஒட்டித்தான், கீழ்ச் சுற்றிலேயே இழுவை உண்டு, எஞ்சினுக்குள் வால்வ் வேலை கிடையாது, பிஸ்டன் மாற்றுவது நான்கு ஸ்ட்ரோக்கைவிடச் சுலபம். வாரம் தவறாமல் ஓட்டுபவர் கேட்டிருந்தால் என் பதில் இதன் பக்கம் சாய்ந்திருக்கும். தம்பிக்குச் சரிப்படாததற்குக் காரணங்கள் வேறு. சீட் உயரம் 95 செ.மீ. அளவில் போகிறது. ஆக்சிலேட்டரை மூடினால் எஞ்சினே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கிங் குறைவு, இறக்கத்தில் புதியவர் திகைத்துப்போவார். பல மாடல்களில் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மி.லி., கஷ்டமான கணக்கில்லை. ஆனால் மாதம் ஒருமுறை ஓட்டுபவரிடம் கலந்த பெட்ரோல் மிஞ்சிக் கேனில் பழசாகிக் கிடக்கும்.

ஹோண்டா சிஆர்எஃப்300எல் மாதிரி டூயல் ஸ்போர்ட்: நம்பகமான எஞ்சின், நம்பர் பிளேட், சாலையிலும் போகலாம். எடை 140 கிலோவைத் தாண்டும். டிரெய்லர் இருக்கும்போது அந்தக் கூடுதல் இருபது கிலோவை எதற்காகச் சேற்றில் தூக்க வேண்டும்? விட்டோம்.

மின்சார டர்ட் பைக் பற்றியும் கேட்டார். கிளட்ச் இல்லை, சத்தமில்லை, பழகுபவருக்கு அருமை. நாள் முழுக்க ஓடும் பாதையில் நடுவே சார்ஜ் செய்ய இடம் வேண்டும். அவர்கள் போகும் இடத்தில் மின்சாரமே இல்லை.

மிச்சம் இருந்தவை 220 முதல் 250 சிசி வரை காற்றில் குளிரும் டிரெயில் பைக்குகள்: யமஹா டிடி-ஆர்230, கவாசாகி கேஎல்எக்ஸ்230ஆர், ஹோண்டா சிஆர்எஃப்250எஃப், அதற்கு முந்தைய சிஆர்எஃப்230எஃப். இவற்றின் குதிரைத்திறன் இருபதை ஒட்டித்தான் இருக்கும். ரேடியேட்டர் இல்லாததால் விழுந்தால் உடைய ஒரு பொருள் குறைவு.

சீட் உயரக் கணக்கு

விளம்பரத்தில் போடும் சீட் உயரம் ஆள் ஏறாதபோது அளந்தது. ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும். பின்பக்கச் சஸ்பென்ஷன் மொத்தம் எவ்வளவு தூரம் அமுங்குமோ அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆள் ஏறியதும் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

சிஆர்எஃப்250எஃப்-இன் சீட் 88 செ.மீ. பின் சஸ்பென்ஷன் சுமார் 23 செ.மீ. அமுங்கும், மூன்றில் ஒரு பங்கு ஏழரை. மிஞ்சுவது 81-ஐ ஒட்டி. தம்பியின் கால் 77, பூட்ஸ் அடிப்பாகம் மூன்று நான்கு செ.மீ. தரும். சரியாகப் பொருந்துகிறது. டிடி-ஆர்230-இன் சீட் 87, அதுவும் சரி. கேஎல்எக்ஸ்230ஆர்-இன் சீட் 92 செ.மீ.க்கு மேல், அங்கே நான்கைந்து செ.மீ. இடிக்கிறது. மோட்டோகிராஸ் 450 சுமார் 96. மொத்தம் 31 செ.மீ. வரை அமுங்கும் என்று வைத்தாலும் உட்கார்ந்தபின் 85-க்கு மேல். மேட்டில் அவர் பெருவிரலில் நின்றதற்கான விளக்கம் இதுதான்.

பழகியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு காலை ஊன்றத் தெரிந்தால் போதும், உயரம் ஒரு பொருட்டே இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஒற்றைக் காலில் ஊன்றி நிற்கும் சரியான இடத்தைப் பார்த்து நிறுத்தும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கம் வாரா வாரம் ஓட்டினால்தான் வரும். மாதம் ஒரு நாள் வருபவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மறந்துவிட்டுத்தான் வருகிறார். அவருக்கு அந்த நான்கு செ.மீ. பெரிய விஷயம்.

சும்மா நிற்கும் மாதங்கள்

டிடி-ஆர்230-ஐ விட்டு சிஆர்எஃப்250எஃப் பக்கம் போனதற்குக் காரணம் ஓட்டும் நாட்களைவிட நிற்கும் நாட்கள்தான். ஆறு வாரம் பைக் ஷெட்டில் நின்றால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, பிசின் போன்ற கசடு மிஞ்சும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் மெதுவோட்ட ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான், முதலில் அடைபடுவது அதுதான். காலையில் நண்பர்கள் டிரெய்லரோடு வந்து நிற்க, சோக் இழுத்தால் மட்டும் ஓடி, விட்டதும் அணையும் பைக்கோடு போராடுவது எல்லோரும் பார்த்த காட்சி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வீடு திரும்பியதும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விட்டால் கார்புரேட்டர் காலியாகிவிடும். ஆனால் களைத்து வந்து, சேறு கழுவி, பூட்ஸ் கழற்றும்போது அது நினைவுக்கு வர வேண்டும். தம்பி தன்னைப் பற்றியே சொன்னார்: "மறந்துடுவேண்ணே." 2019-இல் வந்த சிஆர்எஃப்250எஃப்-இல் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உண்டு, இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். பதிலுக்கு அது செல்ஃபை மட்டும் நம்பும் பைக், கிக்கர் கிடையாது. பேட்டரி செத்தால் தள்ளித்தான் பார்க்க வேண்டும். நிற்கும் நாட்களில் சின்ன பேட்டரி சார்ஜரை மாட்டி வைப்பது என்று முடிவானது. ஒரு பழக்கத்தை விட்டு இன்னொரு பழக்கத்தைப் பிடித்ததுதான், ஆனால் பிளக்கில் மாட்டிவிட்டுப் போவது அவருக்குச் சுலபம்.

பழைய பைக்கைப் பார்த்த விதம்

முதலில் பார்த்தது ஒரு சிஆர்எஃப்230எஃப். பளபளவென்று இருந்தது, புது ஸ்டிக்கர், புது பிளாஸ்டிக். நாங்கள் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. கேட்டதற்கு, "இப்பதான் ஒரு ரவுண்டு போனேன்" என்றார் விற்பவர். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய முதல் விஷயம். அதை நமக்குக் காட்டாமல் மறைக்கிறார்களோ என்று யோசிக்க வைக்கும் பதில் அது.

அப்புறம் ஏர் ஃபில்டர். பக்க மூடியைத் திறந்து, ஃபோம் ஃபில்டரை வெளியே எடுத்து, எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயின் உள்சுவரை ஒரு வெள்ளைத் துணி சுற்றிய விரலால் துடைத்தேன். ஃபில்டரைத் தாண்டிய இடம் அது, அங்கே துளி மண்கூட இருக்கக் கூடாது. துணியில் செம்பழுப்பாக ஒரு தீற்றல் வந்தது. விரலை உரசினால் நறநறவென்றது. ஃபில்டருக்கு ஆயில் போடாமலோ விளிம்பு சரியாக உட்காராமலோ அந்த எஞ்சின் மண்ணைச் சுவாசித்திருக்கிறது. சிலிண்டரையும் பிஸ்டன் வளையத்தையும் அது அரத்தைப் போலத் தேய்க்கும். பழைய டர்ட் பைக் பார்க்கப் போகிறவர் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யச் சொல்வேன். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாவது, நான்கு வருடம் பழைய சிஆர்எஃப்250எஃப். பிளாஸ்டிக்கில் கீறல், சீட் ஓரம் கிழிசல். எஞ்சின் கை வைக்கக் குளிர்ந்திருந்தது, முதல் அழுத்தலில் ஓடியது, நீலப் புகை இல்லை. ரப்பர் குழாய் சுத்தம். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை மேலே தூக்கி ஆட்டினால் லேசான லொடலொடப்பு. சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள பேரிங் தேய்ந்திருந்தது. செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தன. செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீலில் கசிவில்லை, ஸ்போக்குகள் இறுக்கம். சட்டத்தில் உள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போயின. பேரிங், செயின், ஸ்ப்ராக்கெட் செலவைக் கழித்து விலை பேசினோம். விற்றவரும் மறுக்கவில்லை, தெரிந்துதான் வைத்திருந்தார்.

பணம் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்று. "தம்பி, இதைப் படுக்கப் போட்டுத் தூக்குங்க." புல்தரையில் மெதுவாகச் சாய்த்தார், தூக்கினார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை மூச்சு வாங்கியது, ஆனாலும் தூக்கினார். காலையில் மூன்று தடவை தூக்க முடியாத பைக்கை மாலையில் ஒரு தடவைகூடத் தூக்க முடியாது. விற்றவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

முதல் சில மாதங்கள்

வாங்கியதும் எஞ்சினில் எதையும் தொடவில்லை. ஹேண்டில்பாரின் கோணமும் லீவர்களின் கோணமும் மாறின. கடையிலிருந்து வரும்போது லீவர்கள் உட்கார்ந்து ஓட்டுபவருக்காக மேல்நோக்கி இருக்கும். நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க அவற்றைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். டயர் காற்றை 13 பிஎஸ்ஐக்குக் குறைத்தார். கல்லில் பிடி கிடைப்பதில் இந்த ஒரு மாற்றம் செய்த வித்தியாசம், வேறு எந்தச் செலவும் செய்திருக்காது. கைக்காப்பும் எஞ்சின் அடித்தட்டும் பூட்டினார்.

முதல் முறை விழுந்ததிலேயே கிளட்ச் லீவர் முறிந்தது. கைக்காப்பு இருந்தும். காரணம் பார்த்தால், லீவர் பிடிப்பானின் போல்ட்டை இரும்புப் பிடியாக இறுக்கி வைத்திருந்தார். கையால் பலமாக அழுத்தினால் ஹேண்டில்பாரில் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். விழும்போது லீவர் சுழன்றுகொடுக்கும், முறியாது. பிடிப்பானுக்கு அடியில் டெஃப்லான் நாடா ஒரு சுற்றுச் சுற்றினால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு பல முறை விழுந்தார், லீவர் அப்படியே இருக்கிறது.

ஏற்றங்களில் முதல் கியர் கொஞ்சம் நீளமாக, அதாவது மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வேகம் கூடுதலாக, இருப்பதாகச் சொன்னார். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தோம். பின்னால் மூன்று நான்கு பல் கூட்டுவதற்குச் சமம் அது, செலவோ மிகக் குறைவு. அதன் பிறகு கிளட்ச்சைத் தொடாமலே பல இடங்கள் ஏறுகின்றன.

பூட்ஸுக்குக் கொடுத்த பணம் வீண் என்று முதலில் நினைத்தவர், ஓடைக்கரையில் பைக் பாதத்தின் மேல் விழுந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நண்பர்களோடு போகும்போது திறந்த வெளியில் எல்லோருக்கும் கடைசியில்தான் வருகிறார். மரங்களுக்கு நடுவே அப்படி இல்லை. 450 ஓட்டும் ஒருவர் மேட்டில் மூச்சுவாங்க நிற்கும்போது இவர் பக்கத்தில் டுக் டுக் என்று போய்விடுகிறார். இது அவருடைய திறமை என்று நான் சொல்லமாட்டேன், களைப்புக் குறைவு. மதியத்துக்கு மேல் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

சீக்கிரம் போரடிக்கும் என்ற வாதம்

இந்தப் பைக்கை வாங்கும்போது எதிர்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஆறே மாதத்தில் போரடிக்கும், பெரியதாகவே வாங்கிவிடு. வாரம் இரண்டு நாள் ஓட்டும் இருபது வயதுக்காரர் என்றால் அந்த வாதம் சரி. ஏற்கெனவே மலைச் சைக்கிளில் காட்டுப் பாதை பழகியவர்களும் வேகமாக வளர்ந்துவிடுவார்கள். 95 கிலோ எடை உள்ளவருக்கு இந்த வகைப் பைக்கின் ஸ்பிரிங் மென்மை, முதல் நாளே சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி இடிக்கும். அவர் கவாசாகி கேஎல்எக்ஸ்300ஆர் போன்ற ஒன்றைப் பார்க்கலாம். 128 கிலோ, கூலண்டில் குளிரும் 292 சிசி எஞ்சின், சஸ்பென்ஷன் ஒரு படி மேல்.

தம்பிக்கு அது பொருந்தாது. மாதம் ஒரு நாள் என்றால் திறமை ஏறும் வேகமும் அதற்கேற்பத்தான். அப்படியே போரடித்தாலும் இந்த வகைப் பைக்கை வாங்க எப்போதும் ஆள் உண்டு. பழையதாக வாங்கியதை விற்கும்போது இழப்பு பெரிதாக இருக்காது.

இப்போது நிலுவையில் இருப்பது முன் ஃபோர்க். இறக்கத்தில் கற்கள் மேல் கொஞ்சம் வேகமாகப் போனால் ஃபோர்க் அடிவரை போய் டங்கென்று இடிக்கிறது. ஓட்டுபவரின் வேகம் கூடியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பைக்கை மாற்றலாமா என்று கேட்டார். அவர் எடைக்கு ஏற்ற கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டு, ஃபோர்க் ஆயிலையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பின் டயரின் குமிழ்களும் முனை மழுங்கிவிட்டன, அதையும் சேர்த்து மாற்றிவிட்டு மறுபடி அந்த இறக்கத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.